மூஞ்சப் பாத்துக் கேளு

எங்கள் பேண்டில் மொத்தம் மூன்றே பேர். கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் ஒருவன், டிரம்மர் ஒருவன், பேஸ் கிடாருக்கு நான். இன்னொரு ஆளைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தால், டிரம்மர் வீட்டு மாடியறையில் நான்காவது ஆள் நிற்க இடமில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெங்களூர் ஈஜிபுராவில் மூன்று மாடி ஏறினால் அந்த அறை. மேலே தகரக் கூரை, சுவரெல்லாம் பழைய மெத்தை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கே நாங்கள் போடும் சத்தத்துக்கு ஹார்ட் ராக் என்று பெயர். டிரம்மரின் அம்மா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

பாடகன் கல்லூரியில் என் வகுப்பு. ஒக்கலிபுரத்துப் பையன். வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்தவன். அவன் சாதாரணமாக "டீ சாப்டலாமா" என்று கேட்டாலே பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டைல்ஸ் கடையில் சேல்ஸ் வேலை. ஊருக்கே டைல்ஸ் விற்கிறவன், ஆனால் அவனிடம் யார் வேண்டுமானாலும் எதையும் விற்றுவிடலாம். நன்றாகப் பேசினால் போதும், நம்பிவிடுவான். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் சிக்னலில் ஒருவன் அன்பாகக் கூப்பிட்டான் என்று கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு பிராக்டிஸுக்கு வந்து நின்றான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதை அவனிடம் நான் சொன்னதே கிடையாது.

டிரம்மர் எங்களைவிடச் சின்னவன், என்னை அக்கா என்பான். கார் சர்வீஸ் சென்டரில் வேலை. எனக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங். அதாவது அடுத்தவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. ஆபீஸில் சம்பளத்துக்குச் செய்வதை பேண்டில் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

பிராக்டிஸ் முடிந்ததும் மூன்று பேரும் கீழே தெருமுனை வண்டியில் முட்டை தோசை சாப்பிடுவோம். அந்த வாரம் யார் எங்கே தப்பு விட்டார்கள் என்ற சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கும். சண்டை முடியாவிட்டால் இன்னொரு தோசை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரு பப்பில் நாங்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, இனி ப்ரோக்ராம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்களுக்கு மேனேஜர் கிடைத்துவிட்டார். எல்லாரும் அவரை அண்ணா என்றோம். குரலை உயர்த்தவே மாட்டார். தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த்தான் எதையும் பேசுவார். ஆல்பம் போடலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் என் தோளிலும் கை விழுந்தது. பாடகன் சீக்கிரமே தனியாகப் போகப்போகிறான், நீ இப்போதே கொஞ்சம் பாடப் பழகிக்கொள் என்றார். கடைசியில், "இத அவன்கிட்ட கேட்டுடாதம்மா. மனசு கஷ்டப்படுவான்" என்றார். அவனைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். ஆனாலும் கேட்கவில்லை. அவன் மனசு கஷ்டப்படும் என்றுதான் கேட்கவில்லை. இரண்டு வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரகசியமாகப் பாடிப் பார்த்தேன். என் குரலைப் பற்றி என் வீட்டில் சொன்னதையும் இங்கே எழுத முடியாது.

அதே சமயம் டிரம்மர் வாசிப்பு மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் அவன் ஆசைப்பட்ட இடத்தில் ஓடுவான், களைத்த இடத்தில் இழுப்பான், நாங்கள் பின்னாலேயே போவோம். இப்போது காதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு, அதில் தாளக் கணக்குக்கு வரும் கிளிக் சத்தத்திலிருந்து ஒரு நூல்கூட விலகாமல் வாசித்தான். சிரிக்கவில்லை, தண்ணீர் குடிக்க நிறுத்தவில்லை. நான்கூட, "டேய், மிஷின் மாதிரி வாசிக்கிறியே!" என்று பாராட்டினேன். அவன் முகம் செத்துப்போனது. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

பாடகனும் தொண்டையைப் பத்திரப்படுத்த ஆரம்பித்திருந்தான். முக்கால் குரலில் பாடினான். பிராக்டிஸ் முடிந்ததும் வேலை இருக்கிறது என்று முதலில் அவன் கிளம்புவான், பிறகு நான். முட்டை தோசை நின்றுபோனது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் எங்கள் வாசிப்பில் ஒரு தப்பும் இல்லை. குறை கண்டுபிடித்தே பழகிய எனக்கே சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்கத்தான் சகிக்கவில்லை.

அதை உடைத்தவர் டிரம்மரின் அம்மா. ஆபீஸ் கட்டடம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறவர். அவர் வாயில் ரகசியம் தங்காது. ஒரு ஞாயிறு, பாதிப் பாட்டில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, என் எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏம்மா, எம்புள்ளைய தூக்கிட்டு மிஷினு வெக்கப்போறீங்களாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம்மர் பதறிப்போய், "மா, நீ கீழ போ" என்றான்.

"நீ சும்னே இருடா. ராவெல்லாம் மொகத்த தூக்கி வெச்சிகினு கீற, எனக்கு பேஜாரா இருக்கு. இத்தினி வருசமா இந்தத் தலவலிய பொறுத்துகினு கீறேனே, எதுக்கு? மிஷினு வெக்கறதுக்கா? உள்ளயே வெச்சிகினு அழுவாத. மூஞ்சப் பாத்துக் கேளுடா! ரெண்டு பேரும் இங்கதான நிக்கறாங்கோ, மூஞ்சப் பாத்துக் கேளு!"

அத்தனை வருஷம் எங்கள் சத்தத்தைத் திட்டித் தீர்த்தவர், இப்போது தன் மகன் அதே சத்தத்தைத் தொடர்ந்து போடவேண்டும் என்று எங்களிடம் சண்டைக்கு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். "நெஜமா அக்கா? எனக்குப் பதிலா டிரம் மிஷின் வெக்கச் சொல்லி நீதான் கேட்டியாமே? அண்ணா சொன்னாரு. உங்கிட்ட கேட்டா உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு சொன்னாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நான் பாடகனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். மூன்று பேருக்கும் ஒரே வாக்கியம். ஒருத்தர் மனசை இன்னொருத்தர் நோகடிக்கமாட்டோம் என்பது அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் பாசத்தை வைத்தே எங்கள் வாயை அடைத்திருக்கிறார். பாடகனிடம், இவர்கள் இரண்டு பேரும் உன்னைக் கழற்றிவிட வேறு ஆள் தேடுகிறார்கள், அதற்குள் நீ முந்திக்கொள் என்று சொல்லியிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் மேனேஜரைத் திட்டிவிட்டுத் தோசை சாப்பிடப் போயிருப்போம். ஆனால் பாடகன் நகரவில்லை. கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தான். என்னைப் பார்த்து, "நான் முந்திகிட்டேன்" என்றான்.

நான் போட்ட பேஸ் வரிசை ஒன்று இருந்தது, ஒரு பாட்டு முழுக்க அடியில் ஓடும் மெட்டு. பல மாதம் விரல் தேய வாசித்து வாசித்து உருவாக்கியது, எங்கள் ஆல்பத்துக்கென்று வைத்திருந்தது. கூலிக்கு வாசிக்கும் ஆட்களோடு அதை மெதுவான காதல் பாட்டாக்கி, மேனேஜர் சொல்படி தன் பெயரில் பாடிப் பதிவே செய்துவிட்டு வந்திருந்தான். மேனேஜருக்கு வேண்டியிருந்தது அவன் ஒருவன் மட்டும்தான்.

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். என் பேஸ் கிடாரைப் பையில் போட்டேன், படி இறங்கினேன். டிரம்மரின் அம்மா, "காப்பியாவது குட்ச்சிட்டுப் போம்மா" என்று பின்னாலேயே வந்தார். நான் நிற்காமல் போய்விட்டேன்.

பாடகன் அடுத்த நாளே மேனேஜரைப் பார்க்கப் போனானாம். அந்தப் பாட்டு வெளியே வரக்கூடாது என்றானாம். அவர் வழக்கம்போலத் தோளில் கைபோட்டு, எப்படியும் அவர்கள் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை, ஏன் கெடுத்துக்கொள்கிறாய் என்று சொன்னாராம். இவன் கையை எடுத்துவிட்டு, "அத நான் அவங்களையே கேட்டுக்கறேன்" என்று வந்துவிட்டான். மழையில் கறுப்புக் கண்ணாடி வாங்கியவன் முதல்தடவையாக ஒருத்தரிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். இதை டிரம்மர் போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது.

கேட்டுக்கொள்கிறேன் என்றானே தவிர, என்னிடம் அவன் வாய் திறக்கவில்லை. பாட்டு எழுதினான். என் பேஸ் வரிசையைப் பழையபடி வேகமாக்கி, அதன் மேல் வார்த்தை போட்டு டிரம்மர் கையில் கொடுத்தனுப்பினான். காதோரம் வந்து கதை விடுகிறவனுக்கு, தோளில் கைபோட்டுக் கூடப் பிறந்தவர்களைப் பிரிக்கிறவனுக்குச் சொல்கிற பாட்டு. கூட நின்றவர்களையே விற்றவனுக்கும் அதில் நாலு வரி இருந்தது. பல்லவி, அந்த அம்மா போட்ட கூச்சல்தான்: மூஞ்சப் பாத்துக் கேளு, மூஞ்சப் பாத்துச் சொல்லு. நான் மறுபடி பிராக்டிஸுக்குப் போனேன். பாட்டுக்காகத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேஸ் வாசித்தேன், அவனோடு பேசவில்லை.

மேனேஜர் இல்லாமலே ஆல்பத்துக்கு ஸ்டூடியோ பிடித்தோம். அதிலிருந்து முதலில் வெளியே விடப்போவது இந்தப் பாட்டைத்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரெக்கார்டிஸ்ட், எல்லா இடத்திலும் செய்கிற மாதிரி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கச் சொன்னார். டிரம்ஸ் முடிந்தது, பேஸ் முடிந்தது. பாடகன் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு தனியாக நின்றான். முதல் சரணம் சரியாக வந்தது. கூட நின்றவர்களை விற்றவனைப் பற்றிய அந்த நாலு வரி வந்ததும் குரல் நின்றது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அதே இடம். ஊரையே எழுப்பும் தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனை அந்தப் பெட்டிக்குள் அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. "எல்லாரும் ஒண்ணா ஒரே ரூம்ல வாசிக்கறோம்" என்றேன்.

ரெக்கார்டிஸ்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்ல ஏறிடும் மேடம். அப்புறம் எதையும் பிரிச்சு எடுக்க முடியாது."

"பரவாயில்ல சார்" என்றான் டிரம்மர். "ஒருத்தரு எங்கள பிரிச்சுப் பாத்துட்டாரு. நல்லா வரல." கழுத்தில் இன்னும் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டான்.

மூன்று பேரும் மாடியறையில் நிற்பதுபோல முகம் பார்த்து நின்றோம். வாசித்தோம். டிரம்மர் இஷ்டத்துக்கு ஓடினான், நாங்கள் துரத்தினோம். அந்த நாலு வரியை இந்தத் தடவை பாடகன் என் மூஞ்சியைப் பார்த்தே பாடினான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பாட்டில் ஒரு நிறுத்தம். எல்லா வாத்தியமும் ஓய்ந்து, டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒன்று மட்டும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். பேஸ் முதலில் எடுத்துக் கொடுக்க, கடைசிப் பல்லவி வெடிக்கவேண்டும். அதாவது எல்லாரும் எனக்காகக் காத்திருக்கும் இடம்.

அந்த இடத்தில் அவன் கேட்டான். மைக் திறந்திருப்பதை மறந்தானோ என்னவோ. பாட்டில் இல்லாத கேள்வி.

"இன்னும் கோவமா?"

சிம்பல் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் மனசு குளிர்ந்திருக்கும். ஆனால் மனசு நோகக்கூடாது என்று ஒருத்தரிடம் ஒருத்தர் வாயை மூடிக்கொண்டதில்தானே எல்லாம் கெட்டது?

"ஆமா" என்றேன். "பாடு."

எடுத்துக் கொடுத்தேன். அவன் பாடினான். அப்படி ஒரு குரலை அவனிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாசித்து முடித்தபோது மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம். ரெக்கார்டிஸ்ட் மட்டும் நடுவில் வந்த பேச்சை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று பாடகன் சொன்னான். அன்றைக்கு வெளியே வந்து எந்த வண்டியில் தோசை கிடைத்ததோ அங்கேயே நின்று சாப்பிட்டோம். டிரம்மரின் அம்மாவுக்கு ஒன்று கட்டியும் வாங்கினோம்.

எங்கள் பாட்டு வெளியே வந்தது, அந்தக் காதல் பாட்டு வரவில்லை. நடுவில் வரும் அந்தக் கேள்வியையும் பதிலையும் எழுதிவைத்த வரி என்றுதான் கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். இப்போது எங்கே வாசித்தாலும் அந்த நிறுத்தத்துக்குக் கூட்டம் காத்திருக்கிறது. போன மாதம் ஆனேக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வாசித்தோம். பல்லவி தொடங்கிய நேரத்திலிருந்தே பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தம் வந்தது. அவன் கிடாரோடு திரும்பி என் எதிரே வந்து நின்று, எப்போதும்போலக் கேட்டான். "இன்னும் கோவமா?"

கோபம் போய் எவ்வளவோ நாளாகிறது. எந்த நாள் போனது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் மைக்கில், "ஆமா, பாடு" என்று அதட்டினேன். மைதானம் முழுக்க என்னோடு சேர்ந்து அதட்டியது.

அவன் சிரித்துவிட்டான். கூட்டத்துக்குக் கேட்டது என் குரல் மட்டும்தான். அவன் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருந்தான், பதில் அங்கே வேறாக இருந்தது.