ராத்தாவின் பழுப்பு விரல்கள்

ஊரில் கொண்டீஸ் எனப்படும் பொட்டாசியம் பரமங்கனேற்றை இன்று மாணவிகளுக்காகத் தண்ணீரில் போட்டேன். ஊதா நிறம் நூலாக இறங்கியதும் இலங்கையின் கரைத்தீவில் கழிந்த சிறுவயது ஞாபகம் வந்தது.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஒரு வெள்ளத்தில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கால்புண். ராத்தா என்று நான் அழைக்கும் என் அக்கா அந்தத் துகளை வாளித் தண்ணீரில் இளஞ்சிவப்பாகக் கரைத்து அவர்களின் கால்களைக் கழுவினாள். “கூடினா தோல் வெந்திடும்” என்று ஒவ்வொரு தடவையும் முதலில் தன் கையை விட்டுப் பார்த்தாள். விரல்கள் பழுப்பாகின.

அந்த வாரமே அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். சவர்க்காரத்துக்குக் கறை போகவில்லை. கையை மறைக்கும்படி உம்மா சொன்னதை ராத்தா கேட்கவில்லை.

“கையில என்ன, மகள்?” என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

“கொண்டீஸ், மாமி. புள்ளைகள்ட புண் கழுவின.”

அவர் சற்றே வெட்கத்துடன் சேலை விளிம்பைத் தூக்கினார். “என்ட காலும் ஆறுதில்ல, மகள். பாக்கிறியா?”

ராத்தா வாளியை எடுக்க எழுந்தாள். பிறகு அந்த வீட்டுக்கே மருமகளாகவும் போனாள்.