பின்வாசலில் கூப்பிட்டால்

மலைமேல் இருக்கும் கியா பார்ம் சந்தையில் காடிகளுக்கு நிறுத்த இடம் காட்டுவது இப்போது என் வேலை. அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினேன், மருந்து அடித்தேன். வேலைக்கான வயது முடிந்தது, வெளியே வந்தேன். இப்போது கையில் ஒரு ஊதல், மேலே ஒரு பச்சைச் சட்டை.

காடியின் கண்ணாடியை இறக்கிப் பலரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து வந்த பெண் ஒருவர் கேட்டார்.

"அங்கிள், இங்கயும் டவுன் மாதிரி ஜாமா இருக்கே. கம்போங், கிராமம் மாதிரி எடம் எங்க இருக்கு?"

"இன்னும் மேல போங்க," என்றேன்.

மேலேயும் ஜாம்தான். போனால் அவருக்கே தெரியும்.

என் வீட்டிலும் இந்தப் பேச்சு இருந்தது. வேலைக்காகத் தந்திருந்த லயத்து வீட்டைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானா ராத்தா பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகைக்கு வந்தோம். சிமெண்டு வீடு. குழாயிலேயே சுடுதண்ணீர் வரும். குசினி சன்னலைத் திறந்தால் எதிர் மலையில் தேயிலை தெரியும்.

"இதுவும் தோட்டந்தான். பாரு, தேயிலை தெரியுது," என்றேன் என் மனைவியிடம்.

அவள் அந்த மலைகளில் கொழுந்து எடுத்தவள். சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "தேயிலை காலண்டர்லயுந்தான் தெரியுது."

"குளுருதுல்ல?"

"ஐஸ் பெட்டியுந்தான் குளுருது. இது டவுனுங்க."

"அப்ப எதுதான் தோட்டம்?"

"பின்வாசல்ல நின்னு கூப்பிட்டா ஆளு வரணும். வந்தா தோட்டம். வராட்டி டவுன்."

அவள் சொன்னது எனக்குத் தெரிந்ததுதான்.

லயத்தில் வீடுகள் ஒரே வரிசை. நடுவில் பலகைச் சுவர். பின்னால் ஒரே சாக்கடை. ஏதாவது வேண்டுமென்றால் பின்வாசலில் நின்று "யாரு அங்க?" என்று கூப்பிட வேண்டும். பெயர் சொல்வதில்லை. பெயர் சொன்னால் அந்த ஆள் மட்டும்தான் வருவார். பெயர் இல்லாவிட்டால் கிட்டத்தில் யார் இருக்கிறாரோ அவர் வருவார். முதலில் "இருக்கேன்" என்று சத்தம் வரும், பிறகு ஆள் வரும். உப்பு தீர்ந்தாலும் அதே கூப்பாடு, பாம்பு வந்தாலும் அதே கூப்பாடு. எங்களோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வீட்டிலிருந்தும் வருவார்கள். வந்து செய்துவிட்டு, திரும்பவும் பேசாமல் இருப்பார்கள்.

தாமானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஹோம்ஸ்டே. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் வீடுகள். இன்று ஒரு குடும்பம், நாளை மறுநாள் வேறு குடும்பம். வாசலில் கோழி சுடுவார்கள், பாட்டுப் போடுவார்கள். எங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். நல்லவர்கள்தான். முகம் மனதில் நிற்பதற்குள் போய்விடுவார்கள்.

அவள் விழுந்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை கியா பார்மில் காடிகள் நகராது. நான் பொழுது சாயும் வரை ஊதிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடவில்லை. குளியலறைத் தரையில் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள். "அடுப்புல ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க."

போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு என்றார்கள்.

மறுநாள் காலை அவளுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பக்கத்து ஹோம்ஸ்டேயில் ஒரு தமிழ்ப் பையன் காடியில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன் போல. மனைவி காடிக்குள் இருந்தாள்.

"ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு அங்கிள்? ஆம்புலன்ஸ் பாத்தோம்."

"விழுந்துட்டா."

அவன் பையைக் கீழே வைத்தான். "நேத்து மத்தியானம் அவங்க கூப்பிட்டது கேட்டுச்சு அங்கிள். யாரு அங்க, யாரு அங்கன்னு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. வீட்டாள யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சோம்."

நான் சாவியைத் துவாரத்தில் போட்டேன்.

"எட்டிப் பாக்கலாமான்னு இவகிட்ட கேட்டேன். அடுத்தவங்க வீடு, நாம ஏன் தலையிடணும்னு இருந்துட்டோம். சாரி அங்கிள்."

"பரவால்ல," என்றேன்.

அவன் காடிக்குள் கைவிட்டு ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி எடுத்து, ஆன்ட்டிக்குக் கொடுங்கள் என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. துணியை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

ஈப்போவுக்கு அனுப்பி எலும்பில் கம்பி வைத்தார்கள். பிறகு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தாள். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நடக்க நாளாகும் அங்கிள். கூப்பிட்டா வர்ற தூரத்துல ஆள் இருக்கணும். தனியா விடாதீங்க."

நான் வேலைக்குப் போயாக வேண்டும். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் போன் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றான். அவளிடம் சொன்னேன்.

"போன கழுத்துல மாட்டிக்கிட்டா குளிப்பாங்க?" என்றாள். பிறகு சொன்னாள். "லயத்துக்கே போலாங்க."

அவளோடு கொழுந்து எடுத்த ஒரு கூட்டாளி அம்மா இன்னும் அந்த லயத்தில் இருக்கிறார். தனி ஆள். முன்னறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார். ஆனால் அந்த அம்மா பகலில் ஃபேக்டரிக்குப் போய்விடுவார்.

"பகல்ல யாரு வருவா? நம்மாளுங்க யாரும் இல்ல அங்க," என்றேன். "சுத்தி எல்லாம் பங்களாதேஷ்காரங்க. நீ யாருன்னே தெரியாது."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் மோட்டாரை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அதே தகரக் கூரை. கொடியில் கைலிகள் காய்ந்தன. அவளுடைய கூட்டாளி வேலைக்குப் போயிருந்தார். சாவி வழக்கம்போல வாசலில் கிடந்த பூட்ஸுக்குள் இருந்தது. திறந்து உள்ளே போய்ப் பின்வாசலில் நின்றேன். சாக்கடையில் தண்ணீர் ஓடியது. ஆள் நடமாட்டம் இல்லை. கூப்பிட வெட்கமாக இருந்தது.

"யாரு அங்க?"

எனக்கே சத்தம் எழும்பவில்லை. ஊதி ஊதித் தொண்டை பழக்கம் விட்டுப்போயிருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"இருக்கே, இருக்கே," என்று ஒரு குரல் வந்தது. தமிழ்க்காரன் குரல் இல்லை. தள்ளி ஒரு கதவு திறந்து ஒருவன் ஓடிவந்தான். கையில் கரண்டி, அதிலிருந்து பருப்பு சொட்டியது. அவனுக்குப் பின்னால் இன்னொருவன், இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சவுக்கார நுரை. இரண்டு பேரையும் நான் பார்த்ததே இல்லை.

பாம்பா என்று மலாயில் கேட்டான் கரண்டிக்காரன்.

இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

அவர்கள் நம்பவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். நுரைக்காரன் உள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எங்கோ பருப்பு தீயும் வாடை வந்ததும் மற்றவன் ஓடினான்.

சாவியைப் பூட்ஸுக்குள் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவள் விழித்திருந்தாள்.

"லயத்துல போயி கூப்பிட்டுப் பாத்தேன்," என்றேன்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க."

"யாரு?"

"தெரியல. ஒருத்தன் கரண்டியோட வந்தான். ஒருத்தன் தலையில சவுக்காரத்தோட."

"குளிச்சிட்டிருந்தவனயா வரவச்சீங்க. பாவம்," என்றாள். பிறகு, "துணிய மடிங்க," என்றாள்.

மடித்தேன்.