சிட்டு பிழைத்த காலை

தாம்பரம் மார்க்கெட்டில் யாரோ நெல்லிக்காய்ச் சாறு பிழிந்த வாசனையில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

பீர்க்கன்கரணை வீட்டில் நான் வளர்த்த கினிப்பன்றி சிட்டு, தீனி தொடாமல், கால் ஊன்ற முடியாமல் சுருண்டு கிடந்தது.

“வைட்டமின் சி கொறஞ்சிடுச்சும்மா. தினமும் நெல்லிச்சாறு குடு,” என்றார் கால்நடை டாக்டர்.

“ஒரு எலிக்குப் போய் இவ்ளோ பாடா? இது தேறாதும்மா,” என்றார் அப்பா.

நான் விடவில்லை. சாற்றில் தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரால் துளித்துளியாக ஊட்டினேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை.

ஐந்தாம் நாள் காலை, அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தபோது கூண்டிலிருந்து விசில் கேட்டது. சிட்டு எழுந்து நின்று, கீரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது!

அப்பா லுங்கியோடு தெருவுக்கே ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

“சார், எங்க சிட்டு பொழச்சிக்கிச்சு சார்! என் பொண்ணு காப்பாத்திட்டா!”