விட்டுப்போன ஏழாம் பக்கம்

குணரத்தினம் அண்ணை காலமாகிவிட்டார் என்று சனிக்கிழமை காலை தொலைபேசியில் சொன்னார்கள். மாரடைப்பாம். ரிசீவரை வைத்த என்னால் உட்கார முடியவில்லை. மேசை லாச்சியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அவர் எழுதிய ஒரு தாள் அதற்குள் கிடந்தது.

ஈஸ்ட் டாமாக்கி வேர்க்‌ஷொப்பில் வேலை செய்யும்போது அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலும் சுவரோரமாக நடந்துகொண்டேதான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில், இருபக்கமும் முழங்கையை நீட்டியதுபோல் எஞ்சின் துருத்தி நிற்கும் தன் பழைய ஜெர்மன் மோட்டார் சைக்கிளில் புக்கெகோஹி தோட்டங்கள் வரை போய் வெங்காயத்தோடு திரும்புவார். பாதி எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்.

அந்த ஜெர்மன் கம்பனியின் வரலாற்றைச் சங்க மடலுக்கு எட்டுப் பக்கம் எழுதித் தந்தார். விமான எஞ்சினில் தொடங்கியது, முதல் உலகப் போருக்குப் பின் அதற்குத் தடை வந்து மோட்டார் சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் மாறியது, இரண்டாம் போருக்குப் பின் சட்டி பானை செய்து பிழைத்தது எல்லாம் அதில் இருந்தன. தமிழ் டைப்ரைட்டர் இல்லாததால் மடலைக் கையால் எழுதிப் பிரதியெடுப்பவன் நான். ஏழாம் பக்கத்தில் என் பேனா நின்றது. இரண்டாம் போர்க்காலத்தில் வதைமுகாம் கைதிகளைக் கொண்டு அங்கே விமான எஞ்சின் செய்வித்ததை எழுதியிருந்தார். தீபாவளி இதழில் அமங்கலம் எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவுமில்லை.

இதழ் வந்ததும் எல்லோரும் "சட்டி பானைக் கம்பனி" என்று அவரைப் பகிடி பண்ணினார்கள். அவர் சிரிக்கவில்லை. சான்ட்ரிங்ஹாமில் பஸ்ஸுக்கு நின்ற என் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, சட்டி பானை செய்தவங்கள் எண்டு போட்டிட்டீர். அதுக்கு முன்னம் செய்ததை ஏன் விட்டனீர்?"

"நல்ல நாளில வேண்டாமெண்டு நினைச்சன் அண்ணை. அடுத்த இதழில போடுவம்."

"ஊரில கலவரத்தில எங்கட வீடுகளை எரிச்சதையும் நாளைக்கு ஒருத்தன் நல்ல நாள் பாத்து விட்டிட்டுப் போவான்."

அடுத்தது பொங்கல் இதழ். அதற்கடுத்தது சித்திரை வருடப்பிறப்பு. நம் மடல் பண்டிகைக்குப் பண்டிகைதானே வரும்! ஒவ்வொரு முறையும் "போட்டாச்சே?" என்பார். "அடுத்த முறை அண்ணை" என்பேன். இரண்டு வருடம் இப்படியே தட்டிக் கழித்தேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் இப்போது என்னை இருக்க விடாமல் துரத்துகிறது.

பண்டிகை எதுவும் இல்லாமல் நம் மடல் வெளிவருவது இதுதான் முதல் தடவை. அதற்கு அவர் சாக வேண்டியிருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "ஏன் விட்டனீர்?" என்ற அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அந்த ஏழாம் பக்கத் தாளை இனி லாச்சியில் வைத்திருக்க மாட்டேன். இந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். அது அங்கே இருக்கிறது, அவருடைய கையெழுத்திலேயே.