பல்பு எரிந்தது

"உனக்கே வீட்ல வாசிச்சுக் காட்ட ஆளில்ல, நீ டீச்சராகப் போறியாக்கும்?" என்றார் மாமா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று சங்கரன்கோவிலில் பதினோராம் வகுப்புக்கு வயரிங் சொல்லித் தருகிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

வகுப்பில் நான் செய்து காட்டுவேன், பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். யாரையும் வாசிக்கச் சொல்லும் வழக்கமில்லை. குருவிகுளத்திலிருந்து வரும் மாரிச்செல்விக்குத்தான் கை வேகம்.

செய்முறைத் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார். அவளுக்குக் காலிங் பெல் இணைப்பு. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், முந்தின நாள் நான் செய்து காட்டிய மாடிப்படி விளக்கு இணைப்பைச் செய்யத் தொடங்கினாள். அவளுக்கு வாசிக்க வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், கேள்விய மட்டும் வாசிச்சுச் சொல்லட்டுமா?"

"அதுக்கு விதி இல்ல டீச்சர். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். பல்பு எரிந்தது. அவர் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"லைட்டு எரிஞ்சிட்டுல்லா டீச்சர், பாஸ்தான?" என்று சிரித்தாள்.

இப்போது மாலையில், அவள் பஸ் வரும்வரை இருவரும் பழைய கேள்விகளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறோம். நேற்று ஒரு வரி முடிவதற்குள் பஸ் வந்துவிட்டது.