எனக்க காருக்கு அடியில ஒரு அட்டை

முற்றத்துல கல்லு பதிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு. பதினாறு வருசம் துபாய் வெயில்ல கிடந்தவனுக்கு அந்தக் கல்லுமேல எவ்வளவு பெருமை இருக்கும்! அதுல ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. சவம், எனக்குக் கோவம் தலைக்கேறிட்டு.

அங்க ரெண்டு காரு நிக்கும். யாரு முதல்ல வாராங்களோ அவங்க உள்பக்கம் விடுவோம். எனக்க காரு புதுசு. ஆயில்கூட நானே மாத்துவேன், வேற ஒருத்தனையும் தொட விடமாட்டேன். மற்றது பின்வீட்டு டீச்சருக்க பழைய காரு. அவங்க பாதையில பைக்குதான் நுழையும். அவங்களைக் கெட்டுன மாப்பிள்ளைக்குக் கிட்னி போனதால வாரம் ரெண்டு தடவை டயாலிசிசுக்கு நாகர்கோவில் கொண்டுபோகணும். பாவமேன்னு நான்தான் இங்க விடச் சொன்னேன்.

ஒழுகுனது பழைய காருன்னு முடிவு பண்ண எனக்கு ஒரு நிமிசம்கூட ஆகல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு நாலு பேரு முன்னால வச்சே கேட்டேன். "டீச்சர், காரு ஒழுகுறதுகூட தெரியாமலா ஓட்டுதிய? எனக்க முற்றமே நாசமாப் போச்சு."

அவங்க முகம் செத்துப்போச்சு. "பாக்கேன் அண்ணே"ன்னாங்க. அன்னைக்கே காரைக் கொண்டுபோய் நல்ல தூரத்துல, வாய்க்கால் ஓரமாப் போற சானல்கரை ரோட்டுல விட்டாங்க.

பத்து நாள் கழிச்சு கல்லுல புதுசா ஒரு கறை. "நம்ம காருக்கு அடியிலயும் ஒண்ணு பாத்தா என்னவாம்?"ன்னா வீட்டுக்காரி. அவளுக்க வாயை அடைக்கணும்னே டிவி வந்த அட்டைப்பெட்டியை விரிச்சுக் காருக்கு அடியில தள்ளிவிட்டேன். காலையில இழுத்துப் பாத்தா மூணு கறுப்புச் சொட்டு. தொட்டு மோந்தேன். எஞ்சின் ஆயிலேதான். ஆயில் மாத்துனப்ப அடி போல்ட்டை நான் சரியா முறுக்கல்ல.

எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்போல இருந்து. அப்படியே சானல்கரைக்குப் போனேன். டயாலிசிசுக்குக் கிளம்புன மாப்பிள்ளை பாதி வழியில நடக்க முடியாம மதிலைப் பிடிச்சு நின்னாரு. டீச்சர் குனிஞ்சு அவங்க காருக்கு அடியிலருந்து ஒரு அட்டையை இழுத்தாங்க.

"பத்து நாளா போட்டுப் பாக்கேன் அண்ணே. ஒரு சொட்டு விழல்ல. மெக்கானிக்குக்கும் பிடிகிட்டல்ல. ஒங்களுக்குத்தான் காரு வேலை தெரியுமே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

அந்த அட்டை அவ்வளவு சுத்தமா இருந்து. "ஒழுகுனது எனக்க காரு டீச்சர்"னு எப்படியோ சொல்லிட்டேன்.

நல்லா நாலு வார்த்தை திட்டுவாங்கன்னு நின்னேன். அவங்க மதிலைப் பிடிச்சு நின்னவரைத் திரும்பிப் பாத்தாங்க.

"அப்போ, நாளையிலருந்து காரை ஒங்க முற்றத்துல விடட்டா அண்ணே?"