மீதம் வைத்த வரிசை

புதையல் எடுக்கும் ஆசையில் மெட்டல் டிடெக்டர் வாங்கியவன் நான். தேவிகுளத்தில் அது எனக்குத் தேடித் தந்ததெல்லாம் சோடா மூடிகள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த காவலாளி ஒருவர் அந்த டிடெக்டரைக் கேட்டு வந்தார். இறந்துபோன மனைவி கொழுந்து கிள்ளும்போது தொலைத்த மூக்குத்தியைத் தேட வேண்டுமாம். டிடெக்டரின் அடியிலிருந்த சாப்பாட்டுத் தட்டளவு வட்டு தேயிலைத் தூர்களுக்கிடையே நுழையவில்லை. உள்ளங்கையளவில் ஒன்று வரவழைத்தேன், நுழைந்தது. அது கூவும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க பாருங்க சார்" என்பார். பார்த்தால் துருப்பிடித்த ஆணி.

அவள் வேலை செய்த இடத்தில் ஒரே ஒரு வரிசை மீதமிருந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"இது கெடக்கட்டும் சார். இதுலயும் இல்லன்னா பெறவு எங்க போயித் தேட?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"என் கம்மல் இந்த வீட்டுக்குள்ளதான் தொலைஞ்சுது. அதுக்கு ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தீங்களா?" என்றாள்.